வழிகாட்டும் செயற்கைக்கோளும் வேகங்காக்கும் பொறியும்

முன்னுரை

பயணம் புறப்படும் எவரும் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு. எவ்வழியே செல்வது என்பது ஒன்று. எவ்வளவு விரைவாகச் செல்வது என்பது மற்றொன்று. இவ்விரண்டு வினாக்களுக்கும் நெடுங்காலமாக மனிதனே விடை கூறி வந்தான். இன்றோ முதல் வினாவிற்கு விண்ணில் சுழலும் செயற்கைக்கோளும், இரண்டாம் வினாவிற்குக் காரினுள் அமைந்த மின்னணுப் பொறியும் விடை கூறத் தொடங்கியுள்ளன.

வழிகாட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்ற பொருளும் உண்டு. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையுற்று எதிர்வருபவனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாம், செல்லும் வழியைக் கூறுவதோடு அமையாது, காட்டுப்பன்றிக்கு வைத்த பொறியையும், பாம்பு உறையும் குழியையும், வழுக்கும் பாறையையும் எடுத்துக்கூறி எச்சரிக்கின்றது. வழியைச் சொல்பவன் அவ்வழியின் இடரையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது இதனால் பெறப்படும் உண்மையாகும். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டே இன்றைய எந்திர வழிகாட்டியை நாம் அளந்து பார்த்தல் வேண்டும்.

செயற்கைக்கோள் இடத்தை அறிவது எவ்வாறு, பொறி வேகத்தைக் காப்பது எவ்வாறு, இவ்விரண்டும் இணைந்ததால் விளையும் நன்மை யாது, இடர் யாது, இறுதியில் பொறுப்பு யாருடையது என்னும் ஐந்தினையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விண்மீனிலிருந்து செயற்கைக்கோள் வரை

திசை தெரியாக் கடலில் விண்மீன்களே மாலுமிகட்கு வழிகாட்டின. அரபுக் கடலோடிகள் ‘கமால்’ என்னும் கருவியைக் கையாண்டனர். முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு பலகையே அக்கருவி. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்து, அடிவானத்திற்கு மேல் வடமீன் எத்தனை விரல் உயரத்தில் நிற்கின்றது என அளந்து, தாம் வடக்கு தெற்காக எவ்விடத்தில் உள்ளோம் என்பதை அறிந்தனர். சோழமண்டலக் கரை மாலுமிகள் இவ்வகைக் கருவியை ‘இராப்பலகை’ என வழங்கினர். வானத்தில் இடம் தெரிந்த ஒன்றை நோக்கித் தரையில் இடம் தெரியாத தன்னை அறிதல் என்பதே இதன் தத்துவம். இன்றைய செயற்கைக்கோள் முறையின் தத்துவமும் இதுவே.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ‘ஸ்புட்னிக்’ என்னும் முதற் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய கையர், வைஃபன்பாக் என்னும் இரு இளம் அறிவியலாளர்கள் அதன் வானொலி ஒலியைக் கேட்டனர். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றபின் மந்தமாகவும் ஒலிப்பதைப் போன்றே, கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் அலையெண் மாறுவதை அளந்து, கோளின் பாதையைக் கணித்தனர். தரையில் உள்ளவன் இடம் தெரிந்தால் கோளின் பாதையை அறியலாம் எனின், கோளின் பாதை தெரிந்தால் தரையில் உள்ளவன் இடத்தை அறியலாமன்றோ? இவ்வாறு வினாவைத் தலைகீழாகத் திருப்பியதில் பிறந்ததே செயற்கைக்கோள் வழிகாட்டுமுறை.

அமெரிக்கப் படைத்துறை தனக்கென உருவாக்கிய ‘ஜி.பி.எஸ்.’ முறையின் முதற்கோள் 1978இல் ஏவப்பட்டது. அது பொதுமக்கள் கைக்கு வந்ததன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் உண்டு. 1983 செப்டம்பர் 1ஆம் நாள் கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் சென்ற 269 பேரும் மாண்டனர். அதன் பின்னரே, இம்முறை நிறைவுற்றதும் உலகப் பொதுமக்கள் பயன்பாட்டிற்குக் கட்டணமின்றி வழங்கப்படும் என அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அறிவித்தார். 1995இல் இம்முறை முழுச் செயற்பாட்டிற்கு வந்தது. எனினும் பொதுமக்கட்குரிய குறிப்பலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்ததால் ஏறத்தாழ நூறு மீட்டர் வரை இடம் பிசகியது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. பக்கத்துத் தெருவைக் காட்டிய கருவி நாம் நிற்கும் தெருவையே காட்டலாயிற்று. கார்களில் வழிகாட்டிக் கருவி பெருகியமைக்கு இதுவே வாயில் திறந்தது.

இன்று உருசியாவின் ‘குளோனாஸ்’, ஐரோப்பாவின் ‘கலிலியோ’, சீனாவின் ‘பெய்டோ’ ஆகியனவும் உள்ளன. நம் நாட்டின் ‘நாவிக்’ முறையின் முதற்கோள் 2013 ஜூலை 1ஆம் நாள் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2023 மே 29ஆம் நாள் ஏவப்பட்ட கோளில் நம் நாட்டிலேயே உருவான அணுக்கடிகாரம் பொருத்தப்பட்டமை பெருமைக்குரியதாகும்.

காலமே தூரமாதல்

மின்னல் கண்ணில் பட்டபின் இடி காதில் விழும்வரை எண்ணிக்கொண்டிருந்து, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது எனக் கூறும் பெரியோரை நாம் கண்டிருக்கிறோம். ஒலியின் வேகம் தெரியுமாதலின் காலம் தூரமாகின்றது. செயற்கைக்கோள் முறையும் இதனை ஒத்ததே. ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இன்ன கோள்; இப்போது நேரம் இது; நான் இருக்கும் இடம் இது’ என இடையறாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. காரிலுள்ள ஏற்பி அவ்வறிவிப்பைக் கேட்டு, அது புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுகின்றது. நேர் உச்சியில் உள்ள கோளிலிருந்து குறிப்பலை வந்துசேர ஆகும் காலம் நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கே.

ஒரு கோளின் தொலைவு மட்டும் தெரிந்தால், நாம் அக்கோளைச் சூழ்ந்த ஒரு பெருங்கோளப் பரப்பில் எங்கேனும் இருக்கலாம். இரண்டாவது கோளின் தொலைவும் தெரிந்தால் இரு கோளங்கள் வெட்டிக்கொள்ளும் வட்டத்தில் இருப்போம். மூன்றாவதும் தெரிந்தால் இரண்டே புள்ளிகள் எஞ்சும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் புவியின் மேல் இராது. நான்காவது கோள் எதற்கு எனின், காரிலுள்ள ஏற்பியின் கடிகாரம் எளியது; கோளிலுள்ள அணுக்கடிகாரம் போன்று துல்லியமானதன்று. அக்கடிகாரப் பிழையைக் கண்டு களையவே நான்காவது கோள் தேவைப்படுகின்றது. நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழையும் 300 மீட்டர்ப் பிழையாக முடியும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இங்கு ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை அன்றாட வாழ்வில் கலந்து நிற்பது வியப்பிற்குரியது. விரைந்து செல்வதால் கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோ நொடி பின்தங்குகின்றது. புவியீர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதால் ஏறத்தாழ 45 மைக்ரோ நொடி முந்துகின்றது. கூட்டிக் கழித்தால் 38 மைக்ரோ நொடி முந்துகின்றது. இதனைத் திருத்தாது விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

மக்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் நம் கடன். செயற்கைக்கோள் நம் காரைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கார் இருப்பதே அதற்குத் தெரியாது. வானொலி நிலையம் நேயரை அறியாதது போன்று, கோள் பேசுகின்றது, ஏற்பி கேட்கின்றது, அவ்வளவே. நாம் சென்ற இடம் பிறர்க்குத் தெரியவருவது கைப்பேசியும் காரும் அச்செய்தியை வேறு வலையின் வழியே அனுப்புவதால்தான்.

இடமும் வழியும்

இடத்தை அறிவது வேறு; வழியை அறிவது வேறு. செயற்கைக்கோள் தருவது எண்களாலான இடம் மட்டுமே. அவ்வெண்ணைத் தெருவாக மாற்றுவது வரைபடம். தெருக்களை இணைத்து வழியாக மாற்றுவது கணிதம். எனவே வழிகாட்டிக் கருவி என்பது கோள், வரைபடம், கணிதம் என்னும் மூன்று கால்களில் நிற்கும் முக்காலி எனலாம். ஒரு கால் முறிந்தாலும் முக்காலி சாயும்.

செயற்கைக்கோள் கைக்கு வருமுன்னரே கார்களில் வழிகாட்டி தோன்றிவிட்டது. 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், காரின் திருப்பத்தையும் கடந்த தூரத்தையும் அளந்து, ஒளி ஊடுருவும் வரைபடத்தாளின் அடியில் இடத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டது. 1990இல் மஸ்டா நிறுவனத்தின் யூனோஸ் காஸ்மோ என்னும் காரில் ஜி.பி.எஸ். வழிகாட்டி அமைந்தது. பழைய முறையும் வழக்கொழியவில்லை. சுரங்கப் பாதையுள் குறிப்பலை எட்டாதபோது, சக்கரச் சுழற்சியையும் திருப்பத்தையும் கொண்டு கருவி தன் இடத்தை ஊகித்துக்கொள்கின்றது.

குறுகிய வழியைத் தேரும் கணிதத்தை 1956இல் வகுத்தவர் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா. ராட்டர்டாம் நகரிலிருந்து குரோனிங்கன் நகருக்குக் குறுகிய வழி யாது என்னும் வினாவிற்கு, ஆம்ஸ்டர்டாமின் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்து இருபது நிமிடத்தில் எழுதுகோலும் தாளுமின்றி மனத்திலேயே விடை கண்டதாகப் பின்னாளில் அவரே கூறினார். 1959இல் அது கட்டுரையாக வெளிவந்தது. புறப்பட்ட இடத்திற்கு மிக அண்மையிலுள்ள சந்திப்பை முதலில் உறுதிசெய்து, அதனின்றும் அடுத்த அண்மைச் சந்திப்பை உறுதிசெய்து, நீர் பரவுவது போலப் பரவிச் சென்று இலக்கை அடைவதே அம்முறை. தூரத்திற்கு மாற்றாகப் பயண நேரத்தை இட்டால் விரைவான வழி கிடைக்கும். ஆனால் ஒன்று: சாலை இருப்பதாக வரைபடம் கூறினால் இக்கணிதம் அதனை நம்பும். சாலை உண்மையில் உள்ளதா எனக் கணிதம் கேளாது.

வேகங்காக்கும் பொறியின் வரலாறு

பொறியே தன் வேகத்தைக் காத்துக்கொள்ளும் கருத்து நீராவிக் காலத்தது. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். பொறி விரைந்தால் குண்டுகள் விரிந்து உயரும், அதனால் நீராவி வரும் வாயில் சுருங்கும், வேகம் தணியும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், வாயில் திறக்கும். அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல் என்னும் இம்மூன்று செயல்களின் சுழற்சியே இன்றைய கார்ப் பொறிக்கும் அடிப்படையாகும்.

காரில் இதனை அமைத்தவர் கண்பார்வையற்ற ஒருவர் என்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1890இல் பிறந்த ரால்ஃப் டீட்டர், ஐந்தாம் அகவையில் நேர்ந்த விபத்தில் பார்வை இழந்தார். எனினும் பொறியியல் பயின்று, 1936இல் அந்நாட்டு ஊர்திப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் உயர்ந்தார். தம் வழக்கறிஞர் ஓட்டிய காரில் ஒருமுறை சென்றபோது, அவர் பேசும்போது கார் மெதுவாவதையும் கேட்கும்போது விரைவதையும் டீட்டர் உணர்ந்தார். கண்ணுடையோர் காட்சியில் மயங்கி உணராத வேக மாற்றத்தை, உடலால் மட்டுமே உணரும் அவர் நுட்பமாக உணர்ந்தார். அவர் வடித்த பொறிக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது இடம்பெற்றது.

ஓட்டுநர் ஒரு வேகத்தை அமைத்துவிட்டால், மேட்டில் ஏறும்போது கார் தளர்வதைப் பொறி அறிந்து எரிபொருளை மிகுக்கும், இறக்கத்தில் குறைக்கும். ஆயினும் முன்னே செல்லும் வண்டியை அப்பொறி அறியாது. 1999இல் மெர்சிடஸ் நிறுவனம் ராடார் அலையால் முன்வண்டியின் தொலைவை அளந்து, தேவையெனின் பிரேக்கையும் இயக்கும் பொறியை வெளியிட்டது. எனினும் அந்தப் பொறிக்கும் தெரியாத ஒன்று இருந்தது. தான் ஓடுவது நெடுஞ்சாலையா, பள்ளிக்கூடத் தெருவா என்பதே அது. அதனைச் சொல்ல வல்லது வழிகாட்டிக் கருவி. இரண்டும் இணைய வேண்டிய தேவை இங்கே பிறந்தது.

வேகத்தின் கணக்கு

இணைப்பின் பயனை உணர, வேகத்தின் கணக்கை உணர்தல் வேண்டும். ஓட்டுநர் இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனவும், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ளது எனவும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 14 மீட்டர் சென்றுவிடும். பின்னர் நிற்க மேலும் 14 மீட்டர். ஆக 28 மீட்டர். வேகம் 100 கிலோமீட்டர் எனின் முன்னது 28, பின்னது 55, ஆக 83 மீட்டர். வேகம் இரு மடங்காக, பிரேக் தூரம் நான்கு மடங்காகின்றது. ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது.

மற்றொரு கணக்கையும் நோக்குவோம். ஊருக்குள் 10 கிலோமீட்டர் தூரத்தை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 10 நிமிடம். மிச்சம் இரண்டே நிமிடம். ஆனால் மோதலின் ஆற்றலோ 44 விழுக்காடு மிகுகின்றது. இரண்டு நிமிடத்தை வாங்க நாம் கொடுக்கும் விலை இது. அவ்விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் காரில் இருப்பவரல்லர். சாலையைக் கடக்கும் சிறுவரும் முதியவருமே. சராசரி வேகம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் உயிர் குடிக்கும் விபத்தின் வாய்ப்பு நான்கு விழுக்காடு உயர்கின்றது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் எனவும், அவர்களுள் 71 விழுக்காட்டினர் மிகைவேகத்தால் மாண்டனர் எனவும் நடுவண் அரசின் அறிக்கை தெரிவிக்கின்றது.

இரண்டும் இணைந்த முறை

கார் இருக்கும் சாலையின் வேக வரம்பைச் செயற்கைக்கோளாலும் வரைபடத்தாலும் அறிந்து, அவ்வரம்பை ஓட்டுநர் மீறாது காக்கும் முறையைப் பேரளவில் சோதித்துப் பார்த்த நாடு சுவீடன். 1999 முதல் 2002 வரை போர்லெங்கே, லிட்ஷெப்பிங், லுண்ட், ஊமியோ ஆகிய நான்கு நகரங்களில் ஏறத்தாழ 5,000 ஊர்திகளில் இக்கருவிகள் பொருத்தப்பட்டன. சிலவற்றில் வரம்பு மீறினால் ஒலி எழும். சிலவற்றில் ஆக்சிலேட்டர் மிதி காலை எதிர்த்து விறைக்கும். எல்லா ஊர்திகளிலும் இக்கருவி அமைந்தால் நகர்ப்புறங்களில் விபத்துக் காயங்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறையக்கூடும் என அச்சோதனை காட்டியது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகமும் இத்துறையில் நெடிய ஆய்வுகளை நிகழ்த்தியது.

இவற்றின் விளைவாக ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றியது. 2022 ஜூலை முதல் புதிதாக ஒப்புதல் பெறும் கார் வகைகளிலும், 2024 ஜூலை முதல் அங்கு விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் ‘நுண்ணறிவு வேக உதவி’ கட்டாயமாயிற்று. சாலையோரப் பலகையைப் படிக்கும் கேமராவும் வரைபடமும் இணைந்து வரம்பை அறிகின்றன. வரம்பு மீறின் ஒலியாலோ, அதிர்வாலோ, மிதியின் எதிர்ப்பாலோ, வேகத்தைத் தானே தணித்தோ கருவி உணர்த்தும். ஓட்டுநர் மிதியை அழுத்தி அதனை மீறலாம், அணைத்தும் வைக்கலாம். ஆனால் கார் மறுமுறை இயங்கத் தொடங்கும்போது கருவி தானே விழித்துக்கொள்ளும். அடக்கியாளும் அதிகாரியாக இராது, இடித்துரைக்கும் நண்பனாக இருக்குமாறு சட்டம் வகுத்த நுட்பம் பாராட்டிற்குரியது.

நம் நாட்டில் 2019 ஜூலை 1ஆம் நாள் முதல் உருவாகும் கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயமாகும். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாதும் அது ஒலிக்கும். நற்றொடக்கமே. எனினும் இக்கருவி எண்ணை அறியுமேயன்றி இடத்தை அறியாது. விரைவுச் சாலையில் 85 கிலோமீட்டரில் செல்பவரை எச்சரிக்கும். பள்ளிக்கூட வாயிலில் 70 கிலோமீட்டரில் பாய்பவரைக் கண்டு வாய்திறவாதிருக்கும். எண்ணோடு இடமும் சேர வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இடர்கள்

நன்மையைக் கூறிய நாம் இடரையும் கூறுதல் வேண்டும். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் இராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து கார் ஒன்று விழுந்து மூவர் மாண்டனர். முன்னர் வந்த வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வழிகாட்டி வரைபடத்தில் அப்பாலம் முழுமையாக இருந்தது; வரைபடம் காட்டிய வழியே அவர்கள் சென்றனர் எனவும், பாலத்தில் போதிய தடுப்பு இல்லை எனவும் செய்திகள் கூறின. கோள் பிழைக்கவில்லை, கணிதமும் பிழைக்கவில்லை. பிழைத்தவை திருத்தப்படாத வரைபடமும், வைக்கப்படாத தடுப்புமே. மலைபடுகடாத்தின் வழிகாட்டி தான் நடந்து வந்த வழியைச் சொன்னான். எந்திர வழிகாட்டியோ தான் நடவாத வழியைச் சொல்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்த நொடியில் இடர் பிறக்கின்றது.

இரண்டாவது இடர் நம் அறிவின் தேய்வு. இலண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற நகரத் தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வெழுத வேண்டும். அவர்கள் மூளையில் இடநினைவிற்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பிறரைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் கண்டனர். அதே கல்லூரியின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, தாமே வழி தேர்வோர் புதிய தெருவில் நுழையும்போது அப்பகுதி கிளர்ச்சியுறுவதையும், கருவியின் சொற்படி செல்வோர்க்கு அத்தகைய கிளர்ச்சி எழாமையையும் காட்டியது. பயிலாத கலை பாழ் என்பது மூளைக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பொறி வேகத்தைக் காக்கும்போது ஓட்டுநர் கவனம் தளர்தல். காலுக்கு வேலையில்லாதபோது கண்ணும் ஓய்வு தேடும். நான்காவது, பலகையைத் தவறாகப் படித்தலும், வரம்பு மாறிய பின்னும் பழைய வரைபடத்தை நம்புதலும் ஆகும்.

பொறுப்பு யாருடையது?

வழியையும் வேகத்தையும் பொறியிடம் ஒப்படைப்பதில் ஒரு வேறுபாடு உண்டு என்பது நம் கருத்து. வேகத்தைக் காக்கும் பொறி பிழைத்து, தேவையின்றி வேகத்தைக் குறைக்கச் சொன்னால், பெரும்பாலும் இழப்பது சில நிமிடங்களே. வழிகாட்டும் பொறி பிழைத்தால் இழப்பது உயிராகவும் இருக்கலாம். ஆகவே வேகத்தைத் தணிக்கும் சொல்லைத் தயங்காது கேட்கலாம். வழியைக் காட்டும் சொல்லைக் கண்ணால் சோதித்தே கேட்க வேண்டும். இரவில், மழையில், அறியாத ஊரில் வழியோரத்தில் நிற்கும் மனிதரிடம் ஒரு சொல் கேட்பது இழிவன்று.

பொறுப்பு மூவருடையது. வரைபடம் வரைவோர் உடைந்த பாலத்தை உடனே நீக்கக் கடமைப்பட்டோர். சாலையைப் பேணுவோர் தடுப்பும் பலகையும் நிறுத்தி, வேக வரம்பை முறையாக அறிவிக்கக் கடமைப்பட்டோர். பலகையே இல்லாத சாலையில் எந்தக் கேமரா எதனைப் படிக்கும்? ஓட்டுநரோ கண்ணையும் மனத்தையும் சாலைமேல் வைக்கக் கடமைப்பட்டவர். இம்மூவருள் ஒருவர் தவறினும் மற்ற இருவர் காக்க வேண்டும். மூவரும் தவறிய இடத்தில் விண்ணிலுள்ள எந்தக் கோளும் காவாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், செயற்கைக்கோள் காலத்தை அளந்து இடத்தைக் கூறுகின்றது என்பதும், வேகங்காக்கும் பொறி அளந்து, ஒப்பிட்டு, திருத்துகின்றது என்பதும், இரண்டும் இணைந்தால் இடத்திற்கேற்ற வேகம் என்னும் அரிய நன்மை விளையும் என்பதும், எனினும் இறுதிப் பொறுப்பு மனிதனை விட்டு நீங்குவதில்லை என்பதும் தெளிவாகும்.

மாணவச் செல்வங்கட்கு ஒரு வேண்டுகோள். ஊர்தி ஓட்டும் அகவையை எய்தும் நீங்கள், உங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வேகப் பலகை எங்குள்ளது, எங்கில்லை என்பதைக் கணக்கெடுத்து உரியவர்க்கு எழுதுங்கள். இத்துறைச் சொற்களை எளிய தமிழில் ஆக்கி உங்கள் ஊர்ப் பெரியோர்க்கு விளக்குங்கள். பார்வை இழந்த டீட்டர் பிறர் காணாததை உணர்ந்து, உலகிற்கு ஒரு பொறியைத் தந்தார். பார்வையுள்ள நாம் அப்பொறியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வோமாயின், அவர்க்குச் செய்யும் நன்றி அதுவாகாது. வழியைக் கோள் காட்டட்டும்; வேகத்தைப் பொறி காக்கட்டும்; எதிரே வரும் உயிரை நாம் காப்போம்.